எஞ்சினின் நெற்றியில் சந்தனம்

என் பழைய மோட்டார் சைக்கிளின் எண்ணெய் வடிகட்டியிலிருந்து விரலால் வழித்தெடுத்த அந்தக் காவி நிறக் களியை நினைத்தால் இன்றும் சாப்பாடு இறங்க மறுக்கிறது. பார்வைக்கு அழுகிய வாழைப்பழத்தைப் பிசைந்த மாதிரி. வாசனை மட்டும் கோயில் பிரகாரம்.

அந்த வாரம் எண்ணெய் எஞ்சினுக்குள் சுற்றவே இல்லை. எண்ணெய் டாங்கின் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால், சுற்றிவந்த எண்ணெயை எஞ்சின் மறுபடி டாங்குக்குள் துப்ப வேண்டும். துப்பவில்லை. அப்படியே ஓட்டினால் உள்ளே எல்லாம் உரசித் தீய்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டி ஓடாவிட்டால் அகளியில் பழைய வண்டி வாங்கும் ஒருவரிடம் தள்ளிவிடுவது என்று மனைவி தீர்மானித்து, அவரை வரவும் சொல்லிவிட்டாள். வாசலில் எண்ணெய் ஊறிய இடத்தில் கோலம் களிம்பாகிவிடுகிறது என்பது அவள் குற்றச்சாட்டு. நியாயமானதுதான்.

நான் பம்பைச் சந்தேகித்தேன். ஆன்மா உடலில் எங்கே உறைகிறது என்று புத்தகம் புத்தகமாகப் படித்தவனுக்கு எண்ணெய் எங்கே அடைத்து நிற்கிறது என்று தெரியவில்லை. கழற்றிப் பார்த்தால் பம்ப் என்னைவிட ஆரோக்கியமாக இருந்தது. குழாய்களை வாய் வைத்து ஊதினேன். இரண்டு நாள் காபியில்கூட எண்ணெய் ருசி. முதலில் பார்த்திருக்க வேண்டிய வடிகட்டியை, டாங்கின் அடியிலிருந்து கடைசியாக உருவினேன். அப்போது வந்ததுதான் அந்தக் களி. முகர்ந்தேன். சந்தனம். நடுநடுவே குங்குமம்.

பக்கத்து வீட்டில் இருக்கும் அத்திம்பேர், என் அக்காவின் கணவர், ஆயுத பூஜைக்கு வருஷாவருஷம் வண்டிக்குப் பொட்டு வைப்பார். "இதாக்கும்டா இதோட நெத்தி" என்று வட்டமான எண்ணெய் மூடியில் கெட்டியாக அப்புவார். துடைக்க விடமாட்டார், போன வருஷப் பொட்டின் மேலேயே இந்த வருஷத்தது. மூடியைத் திருகும்போதெல்லாம் காய்ந்தது உதிர்ந்து உள்ளே போயிருக்கிறது.

"சந்தனம் குளிர்ச்சியாக்கும். எஞ்சின் சூட்டுக்கு நல்லதுதானே?" என்றார், களியைக் காட்டியதும்.

"காபியில போட்டுக் குடிச்சுப் பாருங்கோ, அத்திம்பேர்."

மண்ணெண்ணெயில் கழுவி, புது எண்ணெய் ஊற்றி, சனிக்கிழமை உதைத்தேன். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு டாங்குக்குள் விட்டுவிட்டுத் துப்பியது. துப்புவதில் அத்தனை அழகு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

ஏற்கெனவே வரச் சொல்லியாயிற்று என்பதால், ஞாயிறு காலை அகளிக்காரரை அழைத்துவரத் தெருமுனைக்குப் போனேன். திரும்பிவந்து, பெருமையாக உதைத்துக் காட்டினேன்.

"சத்தம் நல்லாத்தானுங்க இருக்குது. எண்ணெய் திரும்புதுங்களான்னு பாப்போம்" என்று குனிந்து மூடியைத் திருகினார். அப்போதுதான் பார்த்தேன்: வண்டி பிழைத்த சந்தோஷத்தில், நான் போன நேரம் பார்த்து அத்திம்பேர் ஈரச் சந்தனத்தை எலுமிச்சை அளவுக்கு அப்பியிருந்தார். அது பொத்தென்று உள்ளே விழுந்தது.

அகளிக்காரர் விரலை விட்டு, எடுத்து, முகத்தைச் சுளித்தார். "ஏனுங்க, என்ன கருமமுங்க இது? இதைக் கொண்டுபோயி யாருங்க கழுவறது?" துடைக்க ஏதாவது கிடைக்குமா என்று என் வேட்டி நுனிவரை கண்ணால் தேடிவிட்டு, கடைசியில் தன் கைக்குட்டையிலேயே துடைத்துக்கொண்டு, வண்டியே வேண்டாமென்று தன் வேனில் ஏறினார்.

"ஓடித்துன்னா இருக்கட்டும், ஓடலைன்னா அவர் கொண்டுபோகட்டும்னேன்," என்றாள் மனைவி. "இப்போ மறுபடி அடைச்சுண்டாச்சு, அவரும் கொண்டுபோகலை. இதுக்கு நான் என்னத்தைச் சொல்ல?" உள்ளே போய்விட்டாள்.

வடிகட்டியை மறுபடி உருவ உட்கார்ந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"பாத்தியோடா? வண்டி கைய விட்டுப் போகலையே! பொட்டு வச்ச பலனாக்கும்."

அவர் சொன்னது உண்மை என்பதுதான் கையிலிருந்த களியைவிட அருவருப்பாக இருந்தது.