அண்ணன் சாப்பிட்டானா

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவள். எழுத்து கோணலாக வரும். சொன்னதையே திரும்பச் சொல்வேன். வருஷம், கிழமை கேட்டால் முழிப்பேன். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம் என்பதால்தான் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

போன வாரம் மருமகள் அடுப்படியில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே செல்போனில் ஒரு பேச்சுக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு விஞ்ஞானியும் ஒரு சாமியாரும் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மனிதர்கள் மனதெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கிறதா என்பது பேச்சு. ஒருத்தர் முகம் அசைவதைப் பார்த்தே இன்னொருத்தர் மூளை அவர் மனதைத் தெரிந்துகொள்கிறது, அதில் மாயம் ஒன்றும் இல்லை என்றார் விஞ்ஞானி. உடம்புதான் வேறு வேறு, உள்ளே இருக்கிற அறிவு ஒன்றேதான் என்றார் சாமியார். கூட்டத்தில் இருந்தவர்கள் இரண்டு பேருக்குமே கை தட்டினார்கள்.

“அத்தே, ஒங்களுக்கு இந்த மாதிரி ஏதாவது நடந்திருக்கா? தூரத்துல இருக்கவங்களுக்கு என்ன ஆச்சுன்னு இங்கன இருந்தே தெரியுத மாதிரி?” என்று மருமகள் கேட்டாள்.

“எனக்கு என்னம்மா தெரியும்” என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து மனது ஒரு நிலையில் இல்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தென்காசியில் இருந்தோம். அப்பா குத்தகைக்கு நிலம் பிடித்து நெல் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பத்து வயது மூத்தவன் அண்ணன். எனக்கு அடுத்து ஆறு வயதில் ஒரு தங்கச்சி. புரட்டாசி அறுப்பில் ஒரு நாள் அம்மா புறவாசலில் அறுப்புக்காரர்களுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே கருப்பட்டிப் பெட்டியின் கனத்த மூடியைத் தூக்கி ஒரு சில்லு எடுத்து வாயில் போட்டேன். மூடி இடது கையில் விழுந்தது. “கை, கை” என்று அலறிக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன். கையில் என்ன என்று அம்மா கேட்டதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. வாயில் கருப்பட்டி.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் இடது கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தான். துண்டெல்லாம் ரத்தம். அரிவாள் பட்டுவிட்டது. அம்மா அவன் கையைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

“ஏலே, ஒனக்கு அங்கன வெட்டும்போதே இவ இங்கன துடிச்சுட்டால்லா! அதே கைலே!”

அண்ணன் குனிந்து என் விரலைப் பிடித்துப் பார்த்தான். விரல் நுனியில் கருப்பட்டி ஒட்டியிருந்தது. அவனுக்கு விளங்கிவிட்டது. “ஆமாம்மா, இவ சாதாரணப்பட்ட ஆளு இல்ல” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அவ்வளவுதான். அன்றிலிருந்து அண்ணனுக்கு எங்கே என்ன நடந்தாலும் எனக்குத் தெரியும் என்று வீட்டில் ஆயிற்று. உண்மையைச் சொன்னால் கருப்பட்டிக்கு அடி விழும். சொல்லாமல் இருந்தால் மரியாதை. நான் சொல்லவில்லை.

ஐப்பசியில் அண்ணன் லாரி ஓட்டப் படிக்கப் போகிறேன் என்றான். களத்தில் அத்தனை பேர் பார்க்க அப்பா மாட்டுக் கம்பால் அவனை அடித்தார். அன்றைக்கே வைக்கோல் ஏற்றிக்கொண்டு புளியறை வழியாகக் கேரளத்துக்குப் போகிற லாரி ஒன்றில் ஏறிப் போய்விட்டான். கார்த்திகையில் ஒரு கார்டு வந்தது. மர மில்லில் வேலை கிடைத்திருக்கிறது, என்னைத் தேட வேண்டாம் என்று நாலு வரி. புனலூர் தபால் முத்திரை. அப்பா அதைப் படித்துவிட்டு, “தானா போனவன் தானா வரட்டும்” என்றார். அதற்குப் பிறகு கார்டு வரவில்லை.

ஒரு மத்தியானம் அம்மா தட்டில் சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு பிசையாமல் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கூப்பிட்டாள்.

“ஏட்டி, அண்ணன் சாப்பிட்டானா?”

எனக்கு எப்படித் தெரியும்? அம்மா முகத்தைப் பார்த்தேன். என்ன சொன்னால் அந்தக் கை சோற்றில் இறங்கும் என்பது அந்த முகத்திலேயே இருந்தது. “சாப்பிட்டாச்சும்மா” என்றேன். “என்ன சாப்பிட்டான்?” “மரச்சீனிக் கிழங்கும் மீனும்.” கேரளத்தில் அதுதான் சாப்பிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அம்மா பெருமூச்சு விட்டுவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.

அது தினசரி வழக்கம் ஆகிவிட்டது. நான் சொல்லாமல் அம்மா கையை நனைக்க மாட்டாள். தினமும் மரச்சீனியும் மீனுமே சொன்னால் சந்தேகம் வருமே என்று இடையிடையே கடலை, புட்டு எல்லாம் போட்டேன். தங்கச்சிக்குத்தான் பொறுக்கவில்லை. “நமக்கு மட்டும் வெறும் ரசம், அண்ணனுக்கு அங்கன தெனமும் மீனா? நாளைக்கு அவனுக்கும் ரசம் சொல்லுட்டி” என்று என்னைக் கிள்ளுவாள்.

ஒரு தரம், சடை பின்னும்போது அம்மா அடித்துவிட்டாள் என்ற கோபத்தில், “அண்ணன் இன்னும் சாப்பிடல” என்று சொல்லிவிட்டேன். அம்மா தட்டை மூடி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பாள், மாற்றிச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கேட்கவே இல்லை. துணி துவைத்தாள், தண்ணீர் சுமந்தாள். விளக்கு வைக்கிற நேரம் கிணற்றடியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய், “சாப்பிட்டாச்சும்மா, இப்பதான் சாப்பிட்டான்” என்று அழுதேன். பிறகுதான் தண்ணீரே குடித்தாள். அன்றைக்கு எனக்கு வந்த பயம் சொல்லி முடியாது. அம்மா உயிரோடு இருப்பது என் வாயில் இருக்கிறது என்று நினைத்தேன்.

மறு ஆடியில் சாரலுக்குக் குளிக்க மாமா வந்தார். அம்மாவின் தம்பி. திருவேங்கடம் என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். மத்தியானம் அம்மா என்னைக் கேட்டதையும் நான் சொன்னதையும் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார். “இதை இப்பவே பரீட்சை பண்ணிருவோம்” என்று எழுந்தார்.

எலுமிச்சம்பழம், சாவி, தீப்பெட்டி, கொட்டைப்பாக்கு, கரண்டி என்று ஐந்து சாமான் வைத்தார். நான் திரும்பி நிற்க வேண்டும். அம்மா அதில் ஒன்றை எடுத்து முந்தானைக்குள் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு நான் திரும்பி அம்மாவைப் பார்த்து என்ன என்று சொல்ல வேண்டும். நான் “எலு” என்று இழுத்துப் பார்ப்பேன். அம்மா கண் சுருங்கினால் வேறு சாமான் சொல்வேன். கண் மலர்ந்துவிட்டால் அதுதான். ஏமாற்ற வேண்டும் என்று செய்யவில்லை, அப்படித்தான் வந்தது. ஏழெட்டுத் தரம் சரியாகச் சொன்னேன். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மாமா கொடிக்கயிற்றில் ஒரு போர்வையைப் போட்டு, என்னை இந்தப் பக்கமும் அம்மாவை அந்தப் பக்கமும் நிறுத்தினார். அத்தனையும் தப்பு.

“பாத்தியா அக்கா? இவ எங்கேயோ இருக்கவன் மனச அறியல. ஒம் மூஞ்சியப் பாத்துச் சொல்லுதா. நீ என்ன நெனைக்கியோ அதைத் திருப்பி ஒங்கிட்டயே குடுக்கா.”

அம்மா போர்வையை விலக்கிக்கொண்டு வந்தாள். “ஏலே, மூஞ்சியப் பாத்து மனசத் தெரியுததே பெரிசு இல்லியா? கூடப் பொறந்த ஒனக்குத் தெரியுதா?”

மாமா கொடியிலிருந்து போர்வையை எடுத்து மடித்தார்.

மறுநாள் எல்லாரும் குற்றாலம் போனோம். குளித்து முடித்து ஈரத் தலையோடு அம்மா எங்களை மலைப்பாதையில் ஒரு சின்ன மடத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு சாமியார் இருந்தார். சாரலில் சளி பிடித்து, காதைச் சுற்றி மப்ளர் கட்டி, தும்மிக்கொண்டிருந்தார். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். மாமா போர்வைப் பரீட்சையையும் சேர்த்துச் சொன்னார்.

“கீழ பாருங்க” என்றார் சாமியார். “பாறையில விழும்போது தண்ணி நாலாப் பிரியுது. ஆம்பளைங்க பக்கம், பொம்பளைங்க பக்கம்னு பேரு வைக்கோம். கொஞ்ச தூரம் போனா ஒரே ஆறு. மனசும் அப்பிடித்தான்மா.”

“அதெல்லாம் சரி சாமி. பையன் உசுரோட இருக்கானா இல்லியா, அதச் சொல்லுங்க” என்றார் மாமா.

சாமியார் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். தும்மல்கூட வரவில்லை. “எங்க போயிருவான்? அந்தத் தண்ணிக்குள்ளதான் இருக்கான்” என்றார். அம்மா விழுந்து கும்பிட்டாள்.

இறங்கும்போது மாமா, “அக்கா, அவரு ஒண்ணும் சொல்லல. இருக்கவனுக்கும் செத்தவனுக்கும் சேத்து ஒரே பதிலாச் சொல்லிட்டாரு” என்றார்.

“வாயக் கழுவுலே” என்றாள் அம்மா.

“நானே புனலூர் போயிப் பாத்துட்டு வாரேன். அது ஒண்ணுதான் வழி” என்றார் மாமா. அன்றைக்கே புளியறைப் பக்கம் போகிற லாரியில் ஏறினார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் வந்தார். அம்மா அப்போதுதான் கேட்டு, நான் “சாப்பிட்டாச்சும்மா, மீனு” என்று சொல்லி, அம்மா முதல் கவளத்தைக் கையில் எடுத்திருந்தாள். நிலைப்படியில் மாமா நின்றார். கையில் அண்ணன் கொண்டுபோன தகரப்பெட்டி. அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

சித்திரையில் காய்ச்சல் வந்து மூன்று நாளில் போய்விட்டானாம். தென்காசி என்பதைத் தவிர, விலாசம் மில்லில் யாருக்கும் தெரியவில்லையாம்.

வீடு துஷ்டி வீடாகிவிட்டது. பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். அப்பா மாட்டுத் தொழுவத்தை விட்டு வெளியே வரவில்லை. நான் ஒரு மூலையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி. செத்துப்போனவன் மீன் சாப்பிட்டதாக நாலு மாதம் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு இது ஞாபகம் வரும், வந்ததும் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள், அந்தப் பார்வையை எப்படித் தாங்குவது என்பதுதான் எனக்குக் கவலை. அண்ணனுக்காக அழக்கூட இல்லை. பக்கத்து வீடுகளிலிருந்து வந்த சோற்றைத் தங்கச்சி தட்டில் தள்ளிவிட்டேன். மூன்று நாள் அதை யாரும் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அம்மா எழுந்து அடுப்படிக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. ஒரு தட்டில் சோறு போட்டு எங்கள் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னாள். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“ஏட்டி, அண்ணன் சாப்பிட்டானா?”

தங்கச்சி என்னைப் பார்த்தாள். பழையபடி அம்மா முகத்தைத் தேடினேன். கண்ணீரில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. “தெரியலம்மா. எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. எப்பவுமே...”

அம்மா என் வாயைப் பொத்தினாள்.

“ஒனக்குத் தெரியாட்டா என்ன? எனக்குத் தெரியுது. அவன் சாப்பிட்டாச்சு. நீ தின்னுட்டி.”

வாயில் ஊட்டினாள். தின்றேன்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? அம்மாவுக்கு உண்மையிலேயே தெரிகிறது என்று தோன்றியது. நான் சொன்னதெல்லாம் பொய், அம்மா சொல்வது மெய். அம்மா சொல்கிறாள் என்றால் அண்ணன் எங்கேயோ இருக்கிறான், மாமாதான் வேறு யாருடைய பெட்டியையோ தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் போன பிறகும், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது செங்கோட்டைச் சாலையில் நின்று, திரும்பி வருகிற வைக்கோல் லாரிகளில் ஓட்டுகிற முகத்தையெல்லாம் பார்ப்பேன். அண்ணன் ஓட்டப் பழகியிருப்பான் அல்லவா? ரொம்ப வருஷம் பார்த்தேன். கல்யாணம் ஆகிற வரைக்கும்கூடப் பார்த்தேன். வெட்கம், யாரிடமும் சொன்னதில்லை.

என் மூத்தவன் சின்னப் பிள்ளையில் ஒரு நாள் எதற்கோ பயந்து, சோறு வேண்டாம் என்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் வாயைத் திறக்க வைக்க நானும் இல்லாத ஒன்றைச் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது மறந்துபோயிற்று. சொல்லி முடித்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. மூன்று நாளாக நான் சாப்பிடாததை அந்த வீட்டில் ஒருத்தி பார்த்திருக்கிறாள். பெற்ற பிள்ளை போன துக்கத்திலும் பார்த்திருக்கிறாள். அம்மா சாப்பிடுவதற்காக நான் ஒன்பது மாதம் சொன்னதை, நான் சாப்பிடுவதற்காக அம்மா ஒரு தரம் சொன்னாள். அதை நான் நம்பிவிட்டேன்.

அந்த விஞ்ஞானி சொன்னது சரியா, சாமியார் சொன்னது சரியா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. மருமகளிடம் இந்த நோட்டைக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

மாதக்கணக்கில் தப்பு இருக்கலாம். மாமா போய் வந்தது ஐந்து நாளா, கூடவா என்பதிலும் சந்தேகம். தங்கச்சி இப்போது குத்துக்கல்வலசையில் மகன் வீட்டில் இருக்கிறாள். அன்றைக்கு அடுப்படியில் இருந்தவர்களில் நானும் அவளும்தான் மிச்சம். யாராவது அவளிடம் இதை வாசித்துக் காட்டித் திருத்த வேண்டும். அவளுக்கு ஒரு காது கேட்காது, சத்தமாக வாசியுங்கள். ஒன்று மட்டும் மறக்காமல் கேளுங்கள். எவ்வளவு யோசித்தாலும் எனக்கு அம்மா கை என் வாய்க்கு வருவது வரைக்கும்தான் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு அம்மா சாப்பிட்டாளா?