நேவி ப்ளூ லாட்டும் வெடிக்காத சோடியமும்

எங்கள் சாயப்பட்டறையில் அந்த நேவி ப்ளூ துணி லாட் ஏற்கெனவே ஒருமுறை ஷேடு தப்பி, நிறம் சரியில்லை என்று வாங்குகிற பையர் திருப்பி அனுப்பியது. "இன்னொருக்கா தப்புச்சுன்னா நீங்க வேற எடம் பாத்துக்கங்க மாஸ்டர்" என்று முதலாளி டையிங் மாஸ்டரான என்னிடம் மரியாதையாகச் சொல்லியிருந்தார். இரண்டாம் முறை சாயம் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் உப்புப் போட வேண்டும். உப்பில்லாமல் சாயம் துணியில் ஏறாது.

அப்போது பார்த்து முதலாளி மோர் டம்ளரோடு லேபுக்குள் வந்தார். வாக்கிங் போகிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ அனுப்பிய வீடியோவைக் காட்டினார். சோடியத்தைத் தண்ணீரில் போட்டதும் டமால் என்று வெடித்தது.

"ஏனுங்க மாஸ்டர், உப்புல இருக்கறது இதுதானுங்களா?"

"ஆமாங்க. கூடக் குளோரினும் இருக்குதுங்க."

"அது விஷ வாயுவாமா. இதையா இத்தன வருசமா மூட்டை மூட்டையாக் கொட்டறோம்? இன்னைக்கு உப்புப் போட வேண்டாமுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் கெமிஸ்ட்ரி படித்தவன். விடுவேனா?

"சோடியத்துக்கு வெளி வட்டத்துல ஒத்த எலக்ட்ரானுங்க. குளோரினுக்கு ஒண்ணு கொறையுதுங்க. இது குடுத்துரும், அது வாங்கிக்கும். குடுத்தது பிளஸ் ஆயிரும், வாங்குனது மைனஸ் ஆயிரும். ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுத்துப் புடிச்சுக்கும். அதுதானுங்க உப்பு."

"தண்ணில போட்டா?"

"பிரிஞ்சுருமுங்க."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். முதலாளி ஓரடி பின்வாங்கினார்.

"பிரிஞ்சா சோடியம் தனியா வந்துருமில்லீங்க?"

"வந்தாலும் குடுத்த எலக்ட்ரான் திரும்பி வராதுங்க. வெடிக்கறது அந்த எலக்ட்ரானை இன்னும் வெச்சிருக்கற சோடியம். இது குடுத்துட்டு வந்ததுங்க. நீங்க குடிக்கற மோர்லயும் அதுதான் இருக்குது."

அவர் டம்ளரை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டார்.

நான் விடவில்லை. போர்டில் வட்டம் வட்டமாக வரைந்தேன். எலக்ட்ரானுக்கு ஒரு புள்ளியாக, சோடியத்துக்குப் பதினோரு புள்ளி, குளோரினுக்குப் பதினேழு புள்ளி. கடைசியில் அவர் தலையாட்டியபோது எனக்கு ஒரே பெருமிதம். கடிகாரத்தைப் பார்த்தேன். முக்கால் மணி நேரம் போயிருந்தது. வேலை போச்சு என்று மெஷினுக்கு ஓடினேன். முதலாளியும் பின்னாலேயே வந்தார்.

ஆபரேட்டர் ரஞ்சன் காலி உப்புச் சாக்குகளை மடித்துக்கொண்டிருந்தார். ஒடிசாக்காரர், தமிழை இங்கே வந்துதான் கற்றார்.

"உப்பு?" என்றேன்.

"டயத்துக்குப் போட்டாச்சுங்க. இப்ப சோடா ஆஷ் போகுதுங்க." உப்புக்கு அடுத்து, ஏறிய சாயத்தைத் துணியில் நிலைக்க வைக்கப் போடுவது அது.

முதலாளி அவரைப் பார்த்தார். "வெடிக்குமுன்னு பயமா இல்லீங்களா?"

"டெய்லி போடறனுங்க. ஒரு நாளும் வெடிக்கலீங்க."

முதலாளி சமாதானமாகி ஆபீஸுக்குப் போய்விட்டார். என் பதினேழு புள்ளிகளைப் பற்றி அவர் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

ஷேடு பாஸ். நான் ரஞ்சன் கையைப் பிடித்துக்கொண்டேன். புதிதாக லேபுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதலாளிக்குக் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுங்கள், தப்பே இல்லை. உப்பைப் போட்டுவிட்டு வந்து சொல்லிக் கொடுங்கள்.