வெருகல் ஆற்றில் அழைத்த குரல்

சொற்போரில் என்னை வென்றவர் எவருமில்லை என்ற செருக்கோடுதான் அன்று நண்பர்களுடன் வெருகல் ஆற்றங்கரைக்கு உல்லாசப் பயணம் சென்றேன்.

நண்பகலில் ரவி நடு ஆறுவரை நீந்திப் போயிருந்தான். சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்துவிட்டு அவனைக் கூப்பிட நான் வாயெடுத்தபோது, பக்கத்து ஊரான ஈச்சிலம்பற்றைச் சேர்ந்த நண்பன் யோகன் தடுத்தான்.

"உச்சி வெயிலுக்க ஆத்தில நிக்கிறவனைப் பேர் சொல்லிக் கூப்பிடாதை மச்சான். கூ எண்டு சத்தம் வை, அது போதும்."

"ஏன், முதலைக்குப் பேர் தெரிஞ்சிடுமோ?" என்று சிரித்துவிட்டு, மேடைக் குரலில் "ரவி!" என்று ஒரே முறை அழைத்தேன்.

ரவி திரும்பினான், எங்களை நோக்கியல்ல. சுழிகள் நிறைந்த அக்கரையை நோக்கி விரைவாக நீந்தினான். யோகன் விடாமல் கூவிய பிறகே, உறக்கம் கலைந்தவன்போல் திகைத்து, இக்கரைக்கு மீண்டான்.

"நீ எப்பயடா அக்கரைக்குப் போனனீ?" என்று என்னைக் கேட்டான். "'இஞ்சால வா, ஆழமில்லை' எண்டு நீதானே கூப்பிட்டனீ?"

நான் உரைத்தது அவன் பெயரை மட்டுமே. எதிரொலி என்று வாதிடலாம். ஆனால் எதிரொலிக்குச் சொந்தமாகச் சொற்கள் இல்லை.

இன்றும் மேடையில் முதற்சொல்லைச் சொன்னதும், அது என் குரல்தானா என்று ஒரு கணம் செவிமடுக்கிறேன்.