வெள்ளச்சி சுமந்த பேச்சு

காதுக்குச் சொட்டு மருந்து விடும் ஃபில்லர் ஒன்று எங்கள் வீட்டு மாடக்குழியில், விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரப்பர் மங்கிப்போய்விட்டது. "இத இன்னாத்துக்கும்மா வெச்சிகினு இருக்கற?" என்று மகள் வரும்போதெல்லாம் தூக்கிப்போடப் பார்ப்பாள். நான் விடுவதில்லை. அது என் ஓரகத்தியுடையது. என் வீட்டுக்காரருக்குத் தம்பி பெண்டாட்டி அவள்.

ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். பாகம் பிரித்தபோது எல்லையில் நின்ற புளியமரத்தை யார் உலுக்குவது என்று வாய் வளர்ந்து, ஏழு வருஷம் நாங்கள் முகம் பார்த்துப் பேசவில்லை. பேச்சுதான் நின்றது, சேதி நிற்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருந்த என் பூனை வெள்ளச்சியிடம் சொல்லுவோம். "வெள்ளச்சி, உங்க வூட்டு ஆடு எங்க சாமையில வாய வெச்சிடுச்சி, கட்டிப்போடச் சொல்லு" என்று அவள் அங்கிருந்து சத்தமாகச் சொல்லுவாள். "ஆடு வேலியத் தாண்டலடி வெள்ளச்சி, வேலிதான் படுத்துகினு கெடக்குதுன்னு சொல்லிட்டு வா" என்று நான் இங்கிருந்து சொல்லுவேன். வெள்ளச்சி நடுவில் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் அது நோவில் விழுந்துவிட்டது. தின்றதெல்லாம் வாந்தி, பிறகு வெறும் நுரை. கூடையில் வைத்துப் பழம்புடவை மூடி, பஸ் ஏறி ஜமுனாமரத்தூர் மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் ஊசி போட்டார். "உடம்புல தண்ணியே இல்லம்மா. உப்பு சர்க்கரைத் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா உள்ள போய்க்கிட்டே இருக்கணும். ரெண்டு நாள் தாங்கிடுச்சின்னா பொழச்சிக்கும்" என்றார். எனக்கா மருந்து ஊற்றத் தெரியாது? எங்கள் ஊரில் எந்த மாடு வாய் திறக்க மறுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் மாட்டுக்கு ஊற்றும் மூங்கில் குழாயை எடுத்தேன். கன்றுக்குச் செய்வதுபோலவே தலையை மேலே தூக்கி ஊற்றினேன். வெள்ளச்சிக்குப் புரையேறிக் கண் செருகிவிட்டது. நான் போட்ட சத்தம் சுவரைத் தாண்டியிருக்க வேண்டும்.

ஓரகத்தி வாசற்படி தாண்டி உள்ளே வந்தாள். ஏழு வருஷத்துக்குப் பிறகு. குனிந்து, பழக்கதோஷத்தில், "வெள்ளச்சி, உங்கம்மாகிட்ட" என்று ஆரம்பித்தவள் நின்றுவிட்டாள். அதன் காது அசையவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அக்கா, தலையத் தூக்காத. மூச்சுல ஏறிக்கும். கன்னுக்குட்டியா இது?"

ஓடிப்போய்த் தன் காது மருந்து ஃபில்லரைக் கொண்டுவந்து வெந்நீரில் கழுவினாள். பூனையைத் தரையில் ஒருக்களித்துப் போட்டு, தலை தாழ்ந்தபடியே, கடைவாயோரம் ஒரு சொட்டு விட்டாள். அது விழுங்கும்வரை பார்த்திருந்து இன்னொரு சொட்டு விட்டாள். இரண்டு நாள் அவளும் நானும் மாறி மாறி உட்கார்ந்தோம். நான் அடுப்பு மூட்டினால் அவள் பூனையருகே இருப்பாள். அவள் ஆடு ஓட்டிப்போனால் நான் இருப்பேன். புளியமரத்தைப் பற்றி ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சண்டை வந்த வருஷம் உலுக்கும் முறை அவளுடையதுதான், எனக்குத் தெரியும். வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் வெள்ளச்சி அவள் விரலிலிருந்த கருவாட்டுச் சாற்றை நக்கியது. அவள் எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். வாசலுக்குப் போய்த் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "வெள்ளச்சி, புளி பழுத்ததும் உலுக்கப் போறோம். உங்கம்மாவக் கூடைய எடுத்துகினு வரச் சொல்லு."

"ரெண்டு கூடையா எடுத்துகினு வர்றேன்னு சொல்லுடி" என்றேன்.

அப்புறமும் பூனை வழியாகத்தான் பேசினோம். சண்டை இல்லை, அதுவே பழகிவிட்டது, அதில் ஒரு சிரிப்பும் இருந்தது. போன வருஷம் காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்தாள். அவள் என்னை நேராகக் கூப்பிட்ட அந்த இரண்டு நாளிலும் நான் அவளை நேராகக் கூப்பிடவில்லை. என் தலைக்கனம் அப்படி.

இப்போது வெள்ளச்சிக்குப் பல் இல்லை. இந்த வாரம் தண்ணீரைத் தொடவில்லை. நேற்று ஃபில்லரை எடுத்து வெந்நீரில் கழுவி, தலையைத் தூக்காமல் கடைவாயோரம் ஒரு சொட்டு விட்டேன். விழுங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டிய வீடு. நான் பூனையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தே கேட்டேன்.

"சரியாப் புடிச்சிகினு இருக்கேனாடி, தங்கச்சி?"