செத்தல் காய்ந்த ஆறு

வெயிலில் கொதிக்கும் கூழாங்கற்களின்மேல் காயும் மிளகாயின் நெடியோடுதான் தெற்கு ஸ்பெயினின் அந்தச் சின்ன ஊர் இன்றும் என் நினைவுக்கு வருகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து அப்பா அங்கிருந்த ஆங்கிலேயச் சுரங்கக் கம்பனிக்கு எஞ்சினியராகப் போனபோது எனக்குப் பத்து வயது. சுண்ணாம்பு பூசிய வீடுகள். கடற்கொள்ளையரைக் கண்காணிக்க அரபு மன்னர்கள் குன்றின்மேல் கட்டி, பிற்காலத்தில் தேவாலய மணி ஏற்றப்பட்ட கோபுரம். மாதக்கணக்கில் மழையே தராத வானம். ஊர் நடுவே, சந்தை கூடும் தெருவாகவே ஆகிவிட்டிருந்த, "ராம்ப்லா" என்று அவர்கள் சொல்லும் வறண்ட ஆறு. ஆறே இல்லாத யாழ்ப்பாணத்தாருக்கு அது வெறும் கல்வெளி.

ஊரார் மிளகாயைக் கோத்துச் சுவரில் தொங்கவிடுவார்கள். நிலத்தில் பரப்பிக் காயவைத்த மிளகாய்தான் "செத்தல்" என்று அம்மா ஆற்றுக்குள் பாய் விரிப்பார். கரைவீட்டுக் கார்மென், "இன்றைக்குக் கல்லையா சமைக்கப்போகிறாய்?" என்று கத்துவாள். தெருவே சிரிக்கும். நான் கூசிப்போய்க் கரைப்படியிலேயே நின்றுவிடுவேன்.

அன்று மதியம் தூரத்து மலைகளின்மேல் மட்டும் ஒரு கருமை. எங்கள் தலைக்குமேல் நல்ல வெயில். கோபுரத்து மணி நிறுத்தாமல் அடித்தது. "மேலே வாருங்கள், தண்ணீர் வருகிறது!" என்று கார்மென் கைகளை ஆட்டினாள்.

"என்னவாம் தம்பி?" என்றார் அம்மா. வீட்டில் அந்த மொழி தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"சும்மா பகிடி விடுறா, அம்மா."

அம்மா குனிந்து மிளகாயைப் புரட்டினார். வளைவுக்கு அப்பால் கற்கள் உருளும் ஓசை கேட்டது. பிறகு, பழுப்புச் சுவர்போலத் தண்ணீர்.

மாலையில் அப்பா என் தோளைப் பிடித்தார். "நீ அவளுக்குச் சொல்லேல்லையே?"

"சொன்னனான் அப்பா. அவ கேக்கேல்லை."

"அவளுக்கு எப்பவும் பிடிவாதம்," என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை. அதை இங்கேதான் முதன்முறையாக எழுதுகிறேன்.

போன வாரம் அந்த ஊரைப் பார்த்துவிட்டு ஆக்லாந்து திரும்பிய மகள், நகரின் ஓரம் ரானுயியில் இருக்கும் எங்கள் வீட்டின் தகரக் கூரையில் மழை அறைந்துகொண்டிருக்க, போனில் படம் காட்டினாள். ராம்ப்லா இல்லை, கொங்கிறீட்டால் மூடி அதன்மேல் கார் நிறுத்துகிறார்கள். கோபுரம் நிற்கிறது, மணி இல்லை.

"அப்பம்மா எங்க நிண்டவ?"

ஒரு வெள்ளைக் காரின்மேல் விரலை வைத்தேன்.

"நீங்கள் சொன்னனீங்கள்தானே அப்பா?"

"ஓம்," என்றேன். "அவ கேக்கேல்லை."