கேஸ் தீர்ந்து போகாது

ஏப்ரல் பிறந்தால் எனக்குக் கோபமும் கூடவே பிறந்துவிடும். ஆம்பூரில் கார் ஏ.சி. பழுது பார்க்கிறேன். வெயில் ஏறியதும் வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: "கூலிங் கம்மியா இருக்கு, கேஸ் மட்டும் ஏத்தி வுடுப்பா." போன வருடமும் ஏற்றியிருப்பார்கள், அதற்கு முந்தின வருடமும்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் மூன்றாவது தடவையாக அதையே சொன்னபோது எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"கேஸ் இன்னா பெட்ரோலா சார், எரிஞ்சு தீர்ந்து போறதுக்கு? உள்ள இருக்கிறதேதான் சுத்திச் சுத்தி வருது. கம்ப்ரசர் அதை அமுக்கி சூடாக்கும். முன்னாடி கண்டென்சர்ல வெளிக்காத்து பட்டு, சூடு போய் தண்ணி மாதிரி ஆவும். அப்புறம் சின்ன ஓட்டை வழியா டேஷ்போர்டு உள்ள இருக்கிற காயிலுக்குள்ள பூந்து விரியும். அங்க ஆவியாவறதுக்கு சூடு வேணுமே, அதை வண்டிக்குள்ள இருந்துதான் இழுக்குது. நமக்கு ஜில்லுனு இருக்கு. மறுபடி கம்ப்ரசருக்கே போய்டும். ஒரு சொட்டு செலவாவாது. கம்மியாச்சுன்னா எங்கியோ லீக்குன்னு அர்த்தம். அதைப் பாக்காம ஏத்தினா, ஏத்தறது எல்லாம் போய்ட்டேதான் இருக்கும்."

பட்டறை என் வீட்டுக்கு முன்னால்தான். ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காரும் என் மனைவிக்கு ஞாயிறு ஒன்றுதான் லீவு. வாசற்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், "வண்டிக்கே இவ்ளோ பிரசங்கமா? நம்ம பாஸ்டர் தோத்தார் போங்க" என்று சிரித்தாள். ஆசிரியரும் சிரித்துவிட்டார். காயிலின் ஓரத்தில், கேஸோடு சுற்றிவரும் எண்ணெய் கசிந்து புழுதி ஒட்டிய கறுப்புக் கறையைத் தேடிப் பிடித்து அவருக்குக் காட்டினேன். லீக் அங்கேதான். புதுக் காயில் போட்டு அனுப்பினேன்.

அவளுக்கு அப்போது ஒரு வருடமாக ரத்தம் கம்மி. கம்பெனிப் படி ஏறினாலே மூச்சு வாங்கும். தெருமுனை கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்டால் தேறுவாள், நிறுத்தினால் வெளுத்துப்போவாள். நான் மறுபடி மாத்திரை வாங்கி வருவேன். பேரீச்சம்பழம், ஆட்டு ஈரல், பீட்ரூட் என்று எதையும் விட்டுவைக்கவில்லை.

"வேலூர்ல ஒரு தடவ காட்டிட்டு வருவோமா?" என்று கேட்டாள்.

"சீசன் முடியட்டும்."

ஒருநாள் தயங்கித் தயங்கி, "வெளிக்குக் கறுப்பா போவுதுங்க" என்றாள்.

"இரும்பு மாத்திரை சாப்பிட்டா அப்படித்தான் போவும். பேஜார் பண்ணாத." பானெட்டுக்குள் குனிந்தபடியே சொன்னேன். அவள் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை, பாவி.

ஜூன் மாதம் கம்பெனியில் மிஷின் மேலேயே மயங்கி விழுந்தாள். வேலூருக்குக் கொண்டுபோனோம். முதலில் ரத்தம் ஏற்றினார்கள். ஏற்றியபடியே அங்கிருந்த டாக்டரம்மா என்னைப் பார்த்து, "இவ்ளோ ரத்தம் எங்க போவுதுன்னு யாரும் பாக்கலியா?" என்று கேட்டார். பிறகு பார்த்தார்கள். குடலில் கட்டி. வெகுநாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. வெளிக்குக் கறுப்பாகப் போனது அந்த ரத்தம்தானாம். ஈரல் வரைக்கும் பரவியிருந்தது.

டாக்டர் போனபிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "கம்மியாச்சுன்னா லீக்குன்னு அந்த வாத்தியாருக்கு அவ்ளோ நேரம் சொன்னீங்களே. நானும் அங்கதான உக்காந்திருந்தேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே போய்விட்டாள்.

இந்த ஏப்ரலில் அந்த ஆசிரியர் வந்தார். ஏ.சி. நன்றாகத்தான் இருக்கிறது, சும்மா ஒருமுறை பார்த்துவிடச் சொன்னார். கேஸ் அழுத்தம் காட்டும் மீட்டரை மாட்டினேன். முள் நிற்கவேண்டிய இடத்தில் நின்றது.

"நீ சொன்னது கரெக்டுப்பா. கொஞ்சங்கூட குறையல பாரு" என்று கையை நீட்டினார்.

என்னால் அந்தக் கையைப் பிடிக்க முடியவில்லை. கையெல்லாம் கிரீஸ் சார் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.