அறுபது படிவங்கள், ஒரே கையெழுத்து

பொன்முடியிலிருந்து இறங்கி நடந்துகொண்டிருந்தேன். காலை பஸ் வரவில்லை, அடுத்தது மத்தியானம்தான் என்றார்கள். காத்திருக்க நேரமில்லை. தோளில் தொங்கிய பையில் அறுபது படிவங்கள் இருந்தன. அவற்றை அன்று மாலைக்குள் திருவனந்தபுரத்தில் டீச்சரிடம் சேர்க்க வேண்டும். மறுநாள் புதன்கிழமை, அவர் தன் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுப்பதற்குக் கடைசி நாள். சாலை வளைந்து வளைந்து போகும். நான் தேயிலைச் செடிகளுக்குள் புகுந்து குறுக்கே இறங்கினேன். அவசரப்பட்டேனே தவிர, கொண்டுபோவது உதவாது என்று எனக்குத் தெரியும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அந்த மலையில் இரண்டு வருஷம் தேயிலை ஃபாக்டரியில் இருந்திருக்கிறேன். பிறகு ரப்பர் தோட்டம், திருவனந்தபுரத்தில் சாலைக் கம்போளம் என்கிற சந்தையில் மூட்டை, கடைசியில் ஒரு கல்லூரி நூலகத்தில் அலமாரி துடைக்கும் தினக்கூலி. டீச்சர் அதே கல்லூரியில் தற்காலிக ஆசிரியை. பூர்வீகம் நாஞ்சில் நாடு, பிறந்து வளர்ந்ததெல்லாம் திருவனந்தபுரம். நூலக அறிவியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. நீட்டிப்பு கேட்டுக் கேட்டு, இனிமேல் கேட்க வழியில்லை என்ற இடத்துக்கு வந்திருந்தார். பட்டம் வராமல் வேலை நிலைக்காது.

தலைப்பு மூன்று வரி நீளம். சுருக்கமாகச் சொன்னால், தோட்டத்து வாசகசாலைக்கு வருகிறவர்கள் எதைத் தேடி வருகிறார்கள், தேடியது கிடைக்கிறதா என்பதுதான். நான் அங்கே இருந்தவன் என்று தெரிந்ததும், போன வருஷம் படிவங்களை என்னிடம் கொடுத்தார்.

"ஆளுக்கு ஒண்ணு குடுத்து, அவங்க எழுதினதும் வாங்கிட்டு வாங்கோ அண்ணாச்சி. எனக்கு கிளாஸை விட்டுட்டு வர ஒக்காது."

தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், ஒரு வழக்கம் உண்டு. ரேஷன் கார்டு, பி.எஃப்., பிள்ளையின் சாதிச் சான்றிதழ் என்று எந்தத் தாள் வந்தாலும் எழுதத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோவார்கள். அவர் கேட்பார், இவர்கள் சொல்வார்கள், அவர் எழுதுவார். கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் இவர்கள் கை படும். டீச்சரின் படிவத்தில் அந்த இடமும் கிடையாது. ஆராய்ச்சிப் படிவத்தில் பெயர் கேட்கக் கூடாதாம்.

படிவம் தமிழில்தான் இருந்தது. ஆனாலும் எல்லோரும் என்னிடமே திருப்பி நீட்டினார்கள். மூன்று நாள் வாசகசாலை பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். வாசகசாலைக்கு எதற்கு வருகிறீர்கள் என்று ஒரு கேள்வி.

"மழைக்கு ஒதுங்க," என்றாள் கொழுந்து கிள்ளும் ஒருத்தி. "அதுக்குக் கட்டம் இருக்கா அதுல?"

"இல்லை."

"அப்பொ உங்க டீச்சர் இங்க மழைக்கு வந்ததில்ல."

'மற்றவை' என்ற கட்டத்தில் அதை எழுதினேன். அந்தக் கட்டம் நிறைந்துகொண்டே போனது. ஆஸ்பத்திரிச் சீட்டை யாராவது படித்துச் சொல்வார்கள் என்று வந்தவர்கள், வீட்டில் உட்கார இடமில்லாமல் வந்தவர்கள். டீச்சர் படித்துப் பார்த்துவிட்டு, "இதுதான் அண்ணாச்சி, இதுதான் எனக்கு வேண்டியிருந்தது," என்றார். அதை வைத்தே ஓர் அத்தியாயம் எழுதினார். எல்லாம் என் கையெழுத்து என்பது அவருக்கும் தெரியும். "அவங்க சொன்னதைத்தானே எழுதினிய?" என்று ஒருமுறை கேட்டார். ஆமாம் என்றேன். அதோடு விட்டுவிட்டோம்.

கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்னால், அவருடைய கைடு, வழிகாட்டிப் பேராசிரியர், மூலப் படிவங்களைக் கொண்டுவரச் சொன்னார். பத்துப் பதினைந்தைப் புரட்டியதும் நிமிர்ந்தாராம்.

"மோளே, இது ஒராளுடெ கையெழுத்தல்லே?"

வாசகர்கள் தங்கள் கையாலேயே எழுதினார்கள் என்று இரண்டாம் அத்தியாயத்தில் இருந்தது. பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு ஒப்புக்கொண்ட முறை அது. மாற்ற வேண்டுமானால் குழு மறுபடியும் கூட வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும். பெயரில்லாத படிவம் என்பதால் யார் சொன்னது என்று காட்டவும் வழியில்லை. வீட்டில் உட்கார்ந்து ஒரே ஆள் நிரப்பியது என்று பார்க்கிற யாரும் சொல்வார்கள்.

அதனால்தான் அதே ஆட்களிடம் அவரவர் கையால் எழுதி வாங்க, ஞாயிற்றுக்கிழமை புதுப் படிவங்களோடு மறுபடி ஏறினேன். "அன்னிக்கே உங்ககிட்ட எல்லாம் சொல்லியாச்சே," என்று ஒவ்வொருவராக நழுவினார்கள். பதில் சொன்னால் வாசகசாலைக்குத் தமிழ்ப் பத்திரிகை வரும் என்று நம்பிச் சொன்னார்களாம், ஒன்றும் வரவில்லையாம். திங்கட்கிழமை சாயங்காலம் வரை ஒரு படிவம்கூட நிரம்பவில்லை. வாசகசாலையைத் திறந்து மூடுகிறவர் அங்கே பேரேடு எழுதும் மனிதர், எனக்குப் பழக்கம். தாம் சொன்னால் கேட்பார்கள், விட்டுவிட்டுப் போம் என்றார். அவரவர் கையால் எழுத வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தேன்.

செவ்வாய் காலையில் அறுபதையும் அடுக்கி, நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தார். பிரித்தேன். எல்லாம் ஒரே நீல மை, ஒரே சாய்வு.

"நீரே எழுதினீரா?"

"பின்னே? ஒரு அடித்தல் திருத்தல் உண்டா பாரும்."

"யார்கிட்டயாவது கேட்டீரா?"

"இவங்களப் பத்தி எனக்குத் தெரியாதா வேய்? பேப்பர விரிச்சுப் போடுறவனே நான்தான்."

எதற்கு வருகிறீர்கள் என்ற கேள்விக்கு அறுபது பேரும் 'அறிவு வளர்ச்சிக்காக' வந்திருந்தார்கள்.

"அவங்க சொந்தக் கையால எழுதணும்னு சொன்னேனே."

"நான் ஒருத்தன் இருக்கும்போது அவங்கள எதுக்குக் கஷ்டப்படுத்தணும்?"

அறுபதையும் மறுபடி நூல் போட்டுக் கட்டினேன். கையில் வேறு வெற்றுப் படிவம் இல்லை. பையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

கல்லாறில் ஒரு ஜீப் கிடைத்தது, விதுரையிலிருந்து பஸ். மூன்று மணிக்குப் பல்கலைக்கழகத் துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது டீச்சர் வராந்தா பெஞ்சில் இருந்தார். பக்கத்தில் துணிப்பையில் அச்செடுத்த ஆய்வேடு, பைண்டு செய்யாமல். கட்டை வாங்கி, முதல் படிவம், இரண்டாவது, நடுவிலிருந்து ஒன்று என்று பார்த்தார்.

"உங்களதைவிட நல்ல கையெழுத்து, அண்ணாச்சி," என்றார். சிரித்தார் என்றுதான் நினைத்தேன்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். பழைய படிவங்களில் இருப்பது உண்மைதானே. நூலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். ஆளுக்கு ஆறு கொடுத்தால் இன்றைக்கே பத்துக் கையெழுத்தில் பெயர்த்து எழுதிவிடலாம்.

"அப்பொ அது கள்ளமாயிருமே," என்றார். "இதுவரைக்கும் அதுல கள்ளம் இல்ல, கேட்டேளா."

பழைய கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு கைடின் அறைக்குள் போனார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். நான்தான் எழுதினேன் என்று உள்ளே போய்ச் சொல்லலாமா என்று நினைத்து, செருப்பைக் கழற்றிக் கதவில் கை வைத்தேன். கைடு நிமிர்ந்து, "ஆரா?" என்றார். டீச்சர் திரும்பிப் பார்த்து, வேண்டாம் என்று கையை அசைத்தார். பின்வாங்கினேன். அந்த மனிதரும் கோபப்படவில்லை. "ஞான் எந்து செய்யும் மோளே?" என்று இரண்டு மூன்று தடவை சொன்னது கேட்டது. என்ன செய்வதென்று நிஜமாகவே அவருக்கும் தெரியவில்லை என்றுதான் பட்டது.

டீச்சர் வெளியே வந்து ஆய்வேட்டைத் துணிப்பைக்குள் சரியாக வைத்து, வாயைச் சுருக்கிக் கட்டினார்.

"நாளைக்குக் குடுக்கல்ல. குடுத்தா கைடுக்கும் பேரு கெட்டுப்போகும்."

"இனி என்ன டீச்சர்?"

"புதுசாப் பதிவு பண்ணணும். முதல்லேருந்து." பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "நீங்க ஏதாவது சாப்பிட்டியளா?" என்று கேட்டார்.

திட்டியிருந்தால் நின்று வாங்கியிருப்பேன். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். "நாளைக்கு ரெண்டு மணிக்குக் கிளாஸ், அதுக்கு முன்ன லைப்ரரில இருப்பேன்," என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார். அவர் வழக்கமாக உட்காரும் மேஜை நான் துடைக்கும் அலமாரி வரிசையை ஒட்டி இருந்தது. புதன்கிழமை இரண்டு மணி வரை அவர் அதில் உட்கார்ந்திருப்பதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

நூலகத்தில் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. காலையில் கிழக்கேகோட்டையில் விழிஞ்ஞம் பஸ் ஏறினேன். துறைமுகத்தில் கடலுக்குள் கல் போடும் வேலைக்கு ஆள் எடுப்பதாகக் கம்போளத்தில் கேள்விப்பட்டிருந்தேன். வாசலில் நின்ற மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்து, "எழுதான் அறியாமோ?" என்று கேட்டார். எழுதத் தெரிந்தால் ஆபீஸ் கொட்டகையில் இடம் உண்டாம், நிழல்.

"அறியில்ல," என்றேன்.

கல் லாரிகள் பின்னோக்கி வரும்போது விளிம்பில் நின்று சிவப்புக் கொடி காட்டி நிறுத்தும் வேலையைக் கொடுத்தார்.